குழாயா, லாரியா, கோரைப் படுகையா: தண்ணீர் குறைந்த ஊரில் ஒரு சாக்கடைக் கணக்கு

போன மாதம் சமுதாயக் கூடத்தில் எங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டம் நடந்தது. தெருவிளக்கு, நாய்த்தொல்லை, ரேஷன் கடை வரிசை எல்லாம் பேசி முடித்த பிறகு கவுன்சிலர் எழுந்து, "நம்ம ஊருக்கும் பாதாளச் சாக்கடை கேட்டு எழுதப் போறோம், எல்லாரும் ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார். கைதட்டினார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக் கடை வைத்திருக்கும் அத்தை பின்வரிசையிலிருந்து கேட்டார்: "குடிக்கிற தண்ணியே நாலு நாளைக்கு ஒருக்காதான் வருது. நீங்க பூமிக்குள்ள போடுற குழாய்ல எதைப்பா ஓட விடப் போறீக?"

கூட்டம் சிரித்தது, கவுன்சிலரும் சிரித்தார், நானும்தான். வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்துக் கணக்குப் போட்ட பிறகுதான், அத்தை கேட்டதற்குப் பதில் தெரியாமல் யாரும் கையெழுத்துப் போடக்கூடாது என்று பட்டது. நான் என்ஜினியர் இல்லை. முப்பது வருஷமாக மோட்டார் காயில் கட்டும் கடை நடத்துகிறேன். போர்வெல் மோட்டார், வயக்காட்டு மோட்டார், சாக்கடை இறைக்கும் மோட்டார் எல்லாம் எரிந்துபோன நிலையில் என் மேஜைக்கு வந்து சேரும். ஒரு திட்டம் திறப்பு விழா அன்று எப்படி இருந்தது என்பதைவிட, நாலாம் வருஷம் எப்படி இருக்கிறது என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். அந்தக் கோணத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஊர்ப் பெயர் வேண்டாம். மதுரையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஒரு பெரிய கண்மாய், இரண்டு ஊருணி, ஒரு கடைவீதி. சோழவந்தான் பக்கம் போனாலும் சரி, மேலூர் பக்கம் போனாலும் சரி, பேரூராட்சி என்றால் ஏறக்குறைய இந்த அமைப்புதான்.

கணக்குக்குத் தோதாக 20,000 பேர், 5,000 வீடு என்று வைத்துக்கொள்வோம். குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களுக்கு மத்திய அரசின் கையேடு ஒன்று இருக்கிறது. குழாய்த் தண்ணீர் உண்டு, பாதாளச் சாக்கடை இல்லை என்கிற ஊருக்கு அது ஆளுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர் தண்ணீர் என்று வைக்கிறது. பாதாளச் சாக்கடை இருக்கிற அல்லது வரப்போகிற ஊருக்கு 135 லிட்டர். உபயோகிக்கும் தண்ணீரில் நூற்றுக்கு எண்பது பங்கு கழிவாக வெளியே வரும். 70 லிட்டர் கணக்கில் எங்கள் ஊர்ச் சாக்கடை நாளொன்றுக்கு 11 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர். 135 கணக்கில் 21 லட்சத்து 60 ஆயிரம்.

இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பத்து லட்சம் லிட்டர்தான் அத்தை கேட்ட கேள்வி. பாதாளச் சாக்கடை வேண்டுமென்றால் முதலில் அவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கையேடே சொல்கிறது. சித்திரை, வைகாசியில் எங்களுக்கு 70 லிட்டரே கிடைப்பதில்லை; லாரித் தண்ணீரையும் போர்வெல்லையும் சேர்த்தால்தான் அந்த அளவைத் தொடும்.

இப்போது அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? கக்கூஸ் தண்ணீர் வீட்டுத் தொட்டிக்குள் போகிறது. குளித்தது, துவைத்தது, பாத்திரம் கழுவியது எல்லாம் சலதாரை வழியாகத் தெருச் சாக்கடையில் இறங்கி, ஓடையில் சேர்ந்து, கடைசியில் கண்மாயில் விழுகிறது. அளவில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வகைதான். ஆனால் இரண்டும் தனித்தனியாக இல்லை. ஊரில் "செப்டிக் டேங்க்" என்று சொல்லப்படுபவற்றில் பாதி செப்டிக் டேங்கே அல்ல. சில வீடுகளில் வெறும் சிமெண்ட் உறை இறக்கிய குழி, அடித்தளமே கிடையாது. வேறு சில வீடுகளில் நன்றாகப் பூசிய தொட்டி இருக்கும். ஆனால் உறிஞ்சுகுழிக்கு இடம் விடாமல், மேலே நிரம்பும் தண்ணீரை ஒரு பைப் வைத்து நேராகத் தெருச் சாக்கடையில் திருப்பிவிட்டிருப்பார்கள். முறையான தொட்டிக்கு இரண்டு அறை வேண்டும், நடுவில் தடுப்பு வேண்டும், வெளியேறும் தண்ணீர் உறிஞ்சுகுழிக்குப் போக வேண்டும். அப்படியே கட்டினாலும் தொட்டி அழுக்கில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் குறைக்கும். அது கசடைப் பிடித்து வைக்கிற பாத்திரம். தண்ணீரைச் சுத்தமாக்கும் என்று அதை நம்பக்கூடாது.

அழுக்கை அளக்க பிஓடி என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். தண்ணீரில் இருக்கும் அழுக்கைக் கிருமிகள் தின்று தீர்க்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதுதான் அது. எண் கூடக் கூட மீனுக்கு மூச்சு முட்டும். சாதாரணச் சாக்கடையில் இது லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம். செப்டிக் டேங்கிலிருந்து உறிஞ்சி எடுக்கும் கசடில் பல ஆயிரம். சுத்திகரித்து வெளியே விடும்போது பெருநகரம் அல்லாத ஊர்களில் 30-க்குள் இருக்க வேண்டும் என்று 2017-இல் மத்திய அரசு அறிவித்தது. 2019-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இது போதாது, 10 ஆகக் குறைக்க வேண்டும் என்றது. இந்த 10-க்கும் 30-க்கும் உள்ள வித்தியாசம் சின்ன விஷயமில்லை, பிறகு வருகிறேன்.

பூமிக்குள் போகும் குழாய்

பாதாளச் சாக்கடையின் பெருமையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. நெருக்கமாக வீடுகளும் போதுமான தண்ணீரும் உள்ள நகரத்துக்கு அதைவிடச் சிறந்த ஏற்பாடு இன்னும் வரவில்லை. வீட்டை விட்டு வெளியேறிய நிமிஷமே கழிவு கண்ணுக்கும் மூக்கிற்கும் மறைந்துவிடுகிறது. கொசு குறையும். தெருவில் தனியாகத் தொட்டி கட்ட இடமில்லாத ஒண்டுக்குடித்தன வீடுகளுக்கும் வழி பிறக்கும்.

ஆனால் சாக்கடைக் குழாய், மோட்டார் தள்ளிவிடும் குடிநீர்க் குழாய் போன்றதல்ல. சரிவில்தான் ஓட வேண்டும், அதுவும் விநாடிக்கு 60 சென்டிமீட்டர் வேகத்தையாவது நாளில் ஒரு தடவை தொட வேண்டும். இல்லாவிட்டால் மண்ணும் மலமும் குழாயின் அடியில் படியும். தெருவின் தலைப்பில், தண்ணீர் குறைவாக வரும் இடங்களில், இந்த வேகம் கிடைக்க ஆயிரம் மீட்டருக்கு ஆறு மீட்டர் வரை சரிவு வைக்கச் சொல்கிறார்கள். எங்கள் ஊரோ கண்மாய்ப் பாசனத்து ஊர், உள்ளங்கை மாதிரித் தட்டை. கடைவீதியில் ஆரம்பித்து ஒரு கிலோமீட்டர் போவதற்குள் குழாய் மூன்று, நான்கு மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடும். வடக்குத் தெருவில் இரண்டடி தோண்டினாலே சுக்காம்பாறை. உடைக்க வேண்டியதுதான், வீட்டுச் சுவர் விரிசல் விடாமல்.

ஆழம் கூடினால் நடுவில் ஒரு பம்பிங் ஸ்டேஷன் வைத்து மேலே தூக்கிவிட வேண்டும். அங்கேதான் என் தொழில் வருகிறது. நல்ல தண்ணீர் மோட்டார் ஒழுங்காகக் கட்டினால் ஏழெட்டு வருஷம் ஓடும். சாக்கடை மோட்டார் அப்படியில்லை. பாலித்தீன் பை, துணி, நாப்கின், ஷாம்பு கவர் என்று எல்லாம் சுற்றிக்கொண்டு, உள்ளே தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரைப் பிடித்து நிறுத்தும். பளு கூடியதும் மோட்டாரை அணைக்கிற ஓவர்லோடு சுவிட்ச் பேனலில் டிரிப் ஆகும். அது மறுபடி டிரிப் ஆகாதபடி யாராவது குச்சி செருகி வைப்பார்கள். பிறகு காயில் கருகி என் கடைக்கு வரும். ஒரே மோட்டாரை ஒரே வருஷத்தில் மூன்று முறை கட்டியிருக்கிறேன். ஸ்பேர் மோட்டார் இல்லாத ஊரில் அது கட்டி முடியும்வரை சாக்கடை மேன்ஹோல் வழியாகத் தெருவில் ஏறும்.

குழாயின் முடிவில் சுத்திகரிப்பு நிலையம். இப்போது அதிகம் கட்டப்படுவது எஸ்பிஆர் வகை. அது செய்யும் வேலையை எளிதாகச் சொல்லலாம். ஒரே தொட்டியில் சாக்கடையை நிரப்பு, ஊதுகுழாயால் காற்றடி, கிருமிகள் அழுக்கைத் தின்னட்டும், காற்றை நிறுத்து, கசடு அடியில் தெளியட்டும், மேல் தண்ணீரை மட்டும் வடித்து எடு. அரிசி களைந்த தண்ணீரைத் தெளிய வைத்து வடிக்கிற மாதிரி, ஆனால் நாளுக்குப் பல தடவை. ஒழுங்காக ஓடினால் பிஓடி 10-க்குக் கீழே போகும். தீர்ப்பாயம் கேட்கிற அளவுக்கு நம்பகமாக வரக்கூடியது, நான் சொல்லப்போகிற மூன்று வழிகளில் இது ஒன்றுதான். இடமும் குறைவு; பத்து லட்சம் லிட்டருக்கு அரை ஏக்கருக்குள் முடித்துவிடலாம்.

கரண்ட்? பத்து லட்சம் லிட்டருக்கு 150 முதல் 200 யூனிட். எங்கள் ஊருக்கு 21 லட்சம் லிட்டர் வந்தால் நாளொன்றுக்கு 300-லிருந்து 400 யூனிட்டுக்கு மேல். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தாலும் மாதம் ஒரு லட்சம் ரூபாயை நெருங்கும். இதில் பம்பிங் ஸ்டேஷன் சேரவில்லை, ஆபரேட்டர் சம்பளம் சேரவில்லை. கட்டுவதற்கு மத்திய, மாநில அரசுகள் பணம் தரும். அம்ருத், தூய்மை இந்தியா என்கிற மத்திய அரசுத் திட்டங்கள் இரண்டுக்கும் இரண்டாம் கட்டம் 2021-இல் தொடங்கியபோது சிறு ஊர்களின் கழிவுநீரையும் சேர்த்தார்கள். ஆனால் மாதா மாதம் ஈபி பில் கட்டப் போவது பேரூராட்சி. வீட்டு வரி வசூலே பங்குனிக் கடைசியில் மைக் கட்டிக் கேட்டால்தான் வருகிறது எங்களுக்கு.

இன்னொன்று. நிலையம் கட்டிவிட்டால் சாக்கடை தானாக அங்கே போய்விடாது. மதுரையையே பாருங்கள். அவனியாபுரத்தில் நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர், சக்கிமங்கலத்தில் சுமார் நாலரைக் கோடி லிட்டர் சுத்திகரிக்க நிலையங்கள் இருக்கின்றன. அப்படியிருந்தும் பந்தல்குடி வாய்க்காலும் கிருதுமால் நதியும் என்ன நிறத்தில் ஓடின என்பது மதுரைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2011-இல் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தது; புதிதாகச் சேர்ந்த பகுதிகளுக்குக் குழாய் பின்னால் மெதுவாகத்தான் வந்தது. ஒவ்வொரு வீடும் டெபாசிட் கட்டி, தரையை உடைத்து, பைப் மாற்றி இணைப்பு எடுக்க வேண்டும். எடுக்காத வீடு பழையபடி சாக்கடையில்தான் விடும். பெரிய நிலையத்துக்குப் பாதிச் சாக்கடைதான் வருகிறது என்றால், பத்துப் பேருக்கு உலை வைத்து மூன்று பேருக்குப் பரிமாறுகிற கதை.

அடைத்துக்கொண்டால் யார் இறங்குவது? மனிதர்களை இறக்கக்கூடாது என்று 2013-இல் சட்டம் வந்தது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தர வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்ததே, சாவு நிற்கவில்லை என்பதற்குச் சாட்சி. வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட்டிங் மெஷின் இல்லாத ஊரில், தண்ணீர் குறைந்து அடிக்கடி அடைக்கும் குழாயைப் போடுவது, தெரிந்தே ஒருவரைக் குழிக்குள் அனுப்ப ஏற்பாடு செய்வதற்குச் சமம். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

லாரியும் கசடு நிலையமும்

இரண்டாவது வழியில் யாரும் தெருவைத் தோண்ட வேண்டியதில்லை. வீட்டுத் தொட்டி இருக்கிற இடத்திலேயே இருக்கும். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை லாரி வந்து கசடை உறிஞ்சிக்கொண்டு போய், அதற்கென்று கட்டிய நிலையத்தில் கொட்டும். தமிழ்நாடு அரசு 2014-லேயே இதற்கு வழிகாட்டு நெறிமுறை போட்டுவிட்டது.

இப்போதும் லாரி வருகிறதுதான். தொட்டி நிரம்பி, கக்கூஸில் தண்ணீர் இறங்காமல் நின்ற பிறகு போன் போடுகிறோம். வந்து உறிஞ்சி எடுத்துக்கொண்டு போகிறார்கள். எங்கே கொட்டுகிறார்கள் என்று நாம் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் கண்மாய்க்கரைப் பக்கம் நடந்தால் தெரியும். நான் ஒருமுறை டிரைவரிடம் கேட்டேன். "அண்ணே, கொட்டுறதுக்கு நீங்க ஒரு எடம் காட்டுங்க, நான் ஏன் ராத்திரியில அலையப் போறேன்?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது.

கணக்கு இப்படி: 5,000 வீடு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை என்றால் வருஷத்துக்கு 1,667 நடை. வேலை நாள் முந்நூறு என்றால் நாளுக்கு ஐந்தாறு நடை. நடைக்கு 4,000 லிட்டர் என்றால் 22,000 லிட்டர். ஊர்ச் சாக்கடை 11 லட்சம் லிட்டரில் இது நூற்றுக்கு இரண்டு பங்கு. அந்த இரண்டு பங்குக்குள்தான் ஊரிலேயே மோசமான அழுக்கு அடங்கிக் கிடக்கிறது. கொஞ்சப் பணத்தில் பெரிய கேட்டை அடைக்கிற வழி என்று நான் இதை நினைப்பதற்குக் காரணம் அதுதான்.

செய்து காட்டிய ஊர்களும் உண்டு. பெங்களூருக்குப் பக்கத்தில் தேவனஹள்ளியில் 2015-இல் நாளுக்கு 6,000 லிட்டர் அளவில் ஒரு நிலையம் கட்டினார்கள். தமிழ்நாட்டில் முதலில் வந்தது கருங்குழியில், மதுராந்தகத்துக்குப் பக்கத்தில். அளவு சுமார் 23,000 லிட்டர், நாம் மேலே போட்ட கணக்குக்கு அச்சாகப் பொருந்துகிறது. கோவைப் பக்கம் பெரியநாயக்கன்பாளையத்திலும் ஒன்று. பக்கத்துப் பக்கத்து ஊர்கள் கூட்டாக ஒரே நிலையத்தைப் பயன்படுத்துவதுதான் இதில் நல்ல அம்சம். எங்கள் பேரூராட்சியோடு சுற்றியுள்ள நாலைந்து ஊராட்சிகளும் சேரலாம்.

நிலையத்துக்குள் பெரிய மாயாஜாலம் ஒன்றும் இல்லை. சல்லியும் மணலும் பரப்பிய படுகையில் கசடைப் பரப்புகிறார்கள். தண்ணீர் கீழே வடிந்து தனித் தொட்டிக்குப் போகும், மேலே மிஞ்சியது வெயிலில் காய்ந்து அப்பளமாக வெடிக்கும். மதுரை வெயிலைத் திட்டாத ஆள் இல்லை. அது சம்பளம் வாங்காமல் வேலை செய்கிற ஒரே இடம் இந்தப் படுகைதான். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மட்டும் மேலே கூரை வேண்டும். காய்ந்ததை அப்படியே வயலுக்கு அள்ளிக்கொண்டு போகக்கூடாது. உருண்டைப்புழு முட்டைகள் காய்ந்தாலும் சாகாமல் கிடக்கும். ஊர்க் குப்பையைத் தரம் பிரிக்கும் வளம் மீட்புப் பூங்காவின் மக்கும் குப்பையோடு கலந்து, உள்ளே கை வைக்க முடியாத சூட்டில் பல நாள் வெந்த பிறகுதான் அது உரம்.

குறை எங்கே என்றால், மீதி 98 பங்கைப் பற்றி இந்த முறை வாயே திறப்பதில்லை. சலதாரைத் தண்ணீர் பழையபடி கண்மாய்க்குத்தான் போகும். லாரிக்காரர் நிலையம் வரை வராமல் வழியிலேயே கொட்டினால் திட்டமே பாழ். ஜிபிஎஸ் மாட்டலாம். அதைவிட, நிலையத்தில் கொட்டி ரசீது வாங்கினால்தான் நடைக் கூலி என்று வைத்தால் நடக்கும். வீட்டுக்காரர் கையில் காசு வாங்காமல், வரியோடு சேர்த்து வருஷத்துக்கு ஒரு சிறு தொகையாகப் பேரூராட்சியே வாங்கிக்கொண்டால், தொட்டி பொங்கும் வரை காத்திருக்கிற வழக்கமும் போகும்.

ஓடையின் வாயில் ஒரு படுகை

அந்த 98 பங்குக்குத்தான் மூன்றாவது வழி. சாக்கடை கண்மாயில் விழும் இடத்துக்கு முன்னாலேயே மடக்கி, மின்சாரம் இல்லாமல் சுத்தப்படுத்துவது. இதில் இரண்டு வகை.

ஒன்று, வரிசையாகக் குளங்கள். முதல் குளம் ஆழமாக, காற்றில்லாமல் கசடைச் செரிக்கும். அடுத்ததில் மேலே பாசி ஆக்சிஜன் தரும், கீழே கிருமி வேலை செய்யும். கடைசிக் குளம் ஆழமில்லாமல் பரந்து கிடக்கும், வெயிலே நோய்க்கிருமியைக் கொல்லும். கரண்ட் பில் கிட்டத்தட்ட பூஜ்யம். கொசு வராமல் கரையோரத்துப் புல்லை மாதாமாதம் வெட்ட வேண்டும், சில வருஷத்துக்கு ஒருமுறை முதல் குளத்துக் கசடை அள்ள வேண்டும், அவ்வளவுதான் பராமரிப்பு. ஆனால் பத்து லட்சம் லிட்டருக்கு ஒன்றிலிருந்து இரண்டு ஹெக்டேர் வரை இடம் கேட்கும். எங்கள் 11 லட்சத்துக்கு மூன்று ஏக்கரிலிருந்து ஐந்தரை ஏக்கர். ஊரை ஒட்டி அவ்வளவு புறம்போக்கு எங்கே இருக்கிறது? கண்மாயில்தான் இருக்கிறது! உடனே ஒருவர், "கண்மாய்க்குள்ளேயே ஒரு மூலையில் கரை போட்டுடலாமே" என்பார். கூடாது. கண்மாயைப் பாதுகாக்க 2007-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள், மழைக்காலத்தில் நீர் கலுங்கு வரை ஏறினால் அந்தச் சாக்கடைக் குளமும் கண்மாயும் ஒன்றாகிவிடும்.

இன்னொன்று, தொட்டியும் கோரைப் படுகையும். முதலில் கசடு தங்கும் தொட்டி. பிறகு தடுப்புச் சுவர்கள் வைத்த தொட்டி. தண்ணீர் ஒவ்வொரு அறையிலும் கீழே இறங்கி மேலே ஏறிப் போகும்போது அடியில் இருக்கும் கிருமிகள் தின்னும். அதற்குப் பிறகு சல்லி நிரப்பிய படுகை. சம்பு, நாணல், கல்வாழை நட்டு, தண்ணீர் வெளியே தெரியாமல் சல்லிக்குள்ளேயே போகும்படி விடுவார்கள். கொசு முட்டையிட இடம் கிடையாது. மதுரையில் பிறந்த அரவிந்த் கண் மருத்துவமனை புதுச்சேரியில் இந்த முறையைத்தான் வைத்திருக்கிறது. தெளிந்த தண்ணீர் தோட்டத்துக்குப் போகிறது. ஒரு மருத்துவமனைக்கும், ஒரு காலனிக்கும், ஓர் ஓடை வாய்க்கும் இது கச்சிதம். முழு ஊருக்கும் ஒரே படுகை என்றால் இடம் பெரிதாகிவிடும்.

இந்த இரண்டு வகையிலும் பிஓடி 30-க்குப் பக்கத்தில் வரும், 10 வராது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாளை 10-தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் பின்னால் ஏதாவது கூட்டிச் சேர்க்க வேண்டியிருக்கும். இதை மறைத்துவிட்டு யாரும் கோரைப் படுகையை விற்கக்கூடாது. ஆனால் இன்றைக்கு எங்கள் கண்மாயில் விழுவது 200-க்கு மேல். ஓடாத எஸ்பிஆர் நிலையத்தின் 10-ஐவிட ஓடுகிற படுகையின் 30 எனக்குப் பெரிது.

மழைநீரும் இதே ஓடையில்தான் வரும் என்பதை மறந்தால் முதல் ஐப்பசியிலேயே சல்லி, செடி எல்லாம் கண்மாய்க்குள் போய்விடும். சின்ன அணை வைத்து, வறண்ட நாள் தண்ணீர் மட்டும் படுகைக்குத் திரும்பும்படியும், வெள்ளம் வந்தால் அதன் தலைக்கு மேல் நேராகப் போகும்படியும் கட்ட வேண்டும். மடை கட்டத் தெரிந்த ஊரில் இது கஷ்டமான வேலையா? சில வருஷத்தில் சல்லி அடைக்கும். தோண்டிக் கழுவிப் போட வேண்டும். அதற்கு மண்வெட்டியும் ஆளும் போதும். மும்பையிலிருந்து ஸ்பேர் வரவழைக்க வேண்டியதில்லை.

தெளிந்த தண்ணீரை என்ன செய்வது? அவனியாபுரத்தில் சாக்கடைத் தண்ணீர் பாய்ச்சி மாட்டுப் புல் வளர்த்த பண்ணை மதுரையில் பலருக்கு நினைவிருக்கும். படுகைத் தண்ணீரைத் தீவனப்புல்லுக்கும் தென்னைக்கும் கொடுக்கலாம். கத்தரிக்காய், கீரைக்கு நான் கேட்க மாட்டேன்.

இதையெல்லாம் போனில் தங்கை வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். தொண்டிப் பக்கம் கடற்கரை ஊர் அவர்களுக்கு. "மச்சான், உங்க ஊருக்கு இது சரி. எங்க ஊர்ல ரெண்டு முழம் தோண்டினாத் தண்ணி வந்துரும், அதுவும் உப்புத் தண்ணி" என்றார். உண்மைதான். மணல் தரையில் உறிஞ்சுகுழி என்றால் அது நேராகப் பக்கத்து வீட்டுக் கிணறு. அங்கே அடித்தளம் இல்லாத உறைக்குழியை முதல் நாளே மூட வேண்டும். தொட்டி தண்ணீர் புகாததாக, தரைக்கு மேல் கொஞ்சம் உயர்த்திக் கட்டியதாக இருக்க வேண்டும், லாரியும் அடிக்கடி வர வேண்டும். ஆழக் குழாய் போட்டால் நிலத்தடி நீர் இணைப்புகளின் வழியே உள்ளே கசிந்து, நிலையத்துக்கு வருவதில் பாதி கடல் நீராக இருக்கும். உப்பு மோட்டாரைத் தின்னும். அந்த ஊர் மோட்டார்கள் என்னிடம் வரும்போது பாடியைத் தொட்டாலே செதிள் செதிளாக உதிரும். உப்பேறிய தண்ணீரைத் தென்னை ஓரளவு தாங்கும், வயல் தாங்காது. "கடல்ல விட்டுரலாம்ல" என்பார்கள். பாக் நீரிணைப் பக்கம் கடல் ஆழமில்லாதது, அலையும் குறைவு. விட்டது அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். கடற்புல் மேயும் ஆவுளியா என்கிற கடல்பசுவுக்காக 2022-இல் காப்பகம் அறிவித்ததும் இந்தக் கடலில்தான். அந்த ஊருக்கு நான் சொல்வது: மூடிய தொட்டி, தொட்டியிலிருந்து தெளிந்த தண்ணீரை மட்டும் கொண்டுபோகும் ஒல்லிக் குழாய். கசடு தொட்டியிலேயே தங்கிவிடுவதால் இந்தக் குழாய்க்கு அதிக ஆழமும் வேண்டாம், அவ்வளவு சரிவும் வேண்டாம். பெரிய மேன்ஹோலுக்கும் அவசியமில்லை. மாப்பிள்ளை, "அப்ப உங்க கடைவீதிக்கும் இதுதான மச்சான் சரி?" என்று கேட்டார். எனக்கு அதுவரை தோன்றவில்லை.

ஆக, அடுத்த கூட்டத்தில் நான் வைக்கப்போகும் வரிசை இது. முதலில் கசடு நிலையம், பக்கத்து ஊராட்சிகளோடு கூட்டாக. லாரிக்கு உரிமமும் ரசீதும். கூடவே தெருச் சாக்கடையில் திறந்துவிட்ட செப்டிக் டேங்க் பைப்புகளைக் கணக்கெடுத்து அடைப்பது. இதில்தான் சண்டை வரும், வரட்டும். இரண்டாவது, கண்மாயில் விழும் மூன்று ஓடைகளில் கிழக்கு ஓடை வாயில் மட்டும் ஒரு கோரைப் படுகை. ஒரு மழைக்காலம் அது தாங்கினால் மற்ற இரண்டும். மூன்றாவது, தொட்டி கட்ட இடமில்லாத கடைவீதிக்கும் பள்ளிவாசல் தெருவுக்கும் மாப்பிள்ளை சொன்ன ஒல்லிக் குழாய். பாதாளச் சாக்கடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆளுக்கு 135 லிட்டர் தினமும் குழாயில் வரட்டும், அன்றைக்கு நானே முதல் கையெழுத்துப் போடுகிறேன்.

கவுன்சிலரிடம் இதைச் சொன்னபோது, "அண்ணே, குழாய்னா பத்துக் கோடிக்குத் திட்டம் போடலாம், படுகைன்னா யாரு திரும்பிப் பார்ப்பா?" என்றார். ஒளிக்காமல் பேசுகிற மனுஷன், அதற்காகவே அவருக்கு ஓட்டுப் போட்டேன். இட்லிக் கடை அத்தையிடம் காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினேன். படுகையில் கல்வாழை நடலாம் என்றதும், "பூ பூக்குமா?" என்றார். பூக்கும் என்றேன்.

கசடு நிலையத்துக்குப் பழைய குப்பைக்கிடங்கு பக்கம் ஒரு ஏக்கர் இருக்கிறது. ஒட்டியிருக்கும் கொய்யாத் தோட்டக்காரர் நாற்றம் வரும் என்று பயப்படுகிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரையும் கூட்டிக்கொண்டு கருங்குழி போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று பேசியிருக்கிறோம். வேனுக்கு ஆறு பேர் சேர்ந்தாயிற்று.